மானிட்டரும் மத்தியான ஜெபமும்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. எதிர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி கூடத் தெரியவில்லை. விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். இவர் ரயில்வே ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு மீனம்பாக்கம் போய் அழைத்து வந்தார். பத்தேகாலுக்கு வீட்டுக்குள் கால் வைத்தார்கள்.

தங்கை பெனிட்டா இளைத்துவிட்டாள். கத்தாரில் நர்ஸ் வேலை, பிள்ளை பெற்று ஐந்து மாதம், இளைக்காமல் என்ன செய்வாள். மாப்பிள்ளை ஜெரால்டுக்கு மட்டும் தொப்பை. குழந்தை ஜோவானா என் கைக்கு வந்ததும் அழவில்லை. ஏறிட்டுப் பார்த்தது. மூக்கு எங்கள் அம்மாவின் மூக்கு. நான் ஜோ என்றுதான் கூப்பிடப் போகிறேன்.

வந்த சாமான்: பெட்டி 5. பால் பவுடர் டின் 6. டயப்பர் ஒரு மூட்டை (தாம்பரத்தில் கிடைக்காதா என்ன). எனக்குக் கைப்பை, இவருக்கு சென்ட். அப்புறம் பேபி மானிட்டர்.

மானிட்டர் என்பது இரண்டு துண்டு. ஒன்று கேமரா, தொட்டிலைப் பார்த்தபடி வைக்க வேண்டும். இன்னொன்று கையகல டிவி மாதிரி, நாம் வைத்துக்கொள்வது. வைஃபை வேண்டாம், செல்போன் வேண்டாம், இது இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

"எதுக்குடி இது? இருக்கறதே ரெண்டு ரூம். தும்மினா தெருவுக்கே கேக்கும்."

"புது ஊர், புது ரூம்க்கா. அவ எழுந்தா எனக்கு உடனே தெரியணும். பேட்டரி இருக்குன்னு பெட்டில போட வுடல, ஃப்ளைட்ல கையிலயே வெச்சுகிட்டு வந்தேன்னா பாத்துக்க. அழுதா இதுல கேக்கும். அவ்ளோதான்."

ப்ளக் நம் சாக்கெட்டில் ஏறவில்லை. மூன்றும் சதுரக் கால். இவர் கேம்ப் ரோடு போய் மாற்றும் ப்ளக் வாங்கி வந்தார். மாப்பிள்ளை பார்த்துச் சிரித்தார். "அண்ணா, இது நம்ம சாமானை அங்க கொண்டு போனா போடறது. தலைகீழா வாங்கிட்டு வந்திருக்கீங்க." இவர் மறுபடியும் போய் வந்தார். பாவம்.

எங்கள் படுக்கை அறையை அவர்களுக்குக் கொடுத்தாயிற்று. கேமரா பீரோ மேல்.

பெனி நவம்பரிலேயே போனில் சொன்னது: ஜூன் மாதம் அங்கே குழந்தைக் காப்பகத்தில் இடம் கிடைக்கும், அதுவரை ஜோ என்னிடம். மாப்பிள்ளை இன்னும் சரி என்று வாய் திறக்கவில்லை. மேடவாக்கத்தில் அவருடைய அக்கா ஷெரினும் கேட்கிறாளாம். 24ஆம் தேதி திரும்பும் விமானம். அதற்குள் முடிவாக வேண்டும்.

எனக்குப் பதினொரு வருடமாக இல்லை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.


ஜனவரி 7, புதன்

குளிர். வெந்நீர் போட்டேன். பெனி பதினொரு மணி வரை தூக்கம்.

கணக்கு நோட்டில் ஜோவுக்குத் தனிப் பக்கம் போட்டேன்.

கா. 7.10 – 120 மி.லி.
10.40 – 90. கொஞ்சம் கக்கினாள்.
2.00 – 150. தூக்கம் 2.25 முதல் 4.05.
5.30 – 120.
டயப்பர் 6. மலம் 2, மஞ்சள், நல்லது.

கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னே. ஜோவின் வயிற்றுக்கு இன்னும் அந்த ஊர்க் கடிகாரம்தான். தினமும் இருபது நிமிஷம் முன்னால் நகர்த்தினால் ஒரு வாரத்தில் தாம்பரத்து நேரத்துக்கு வந்துவிடுவாள். பெனிட்டாவுக்குக் காட்டினேன். "நீ டாக்டராயிருக்கணும்க்கா" என்றாள். பத்தாவதோடு நிறுத்தினது யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது.

மானிட்டரோடு வந்த புத்தகம் ஆங்கிலமும் அரபியும். அகராதியை வைத்துக்கொண்டு ஆறாம் பக்கம் வரை படித்தேன். தெரியாத சொல் பதினான்கு, எழுதி வைத்திருக்கிறேன். சமையலறையில் வைத்தால் படம் தெளிவு. வாசல் கேட்டுக்குக் கொண்டு போனால் பீப் பீப் என்று கத்துகிறது.

கேட்டில் நின்று அதைச் சோதிக்கும்போது மீன்காரி வந்தாள்.

"இன்னாக்கா, கொழந்தைய டிவில பாத்துகினு கீறே? யாருது?"

"என் தங்கச்சிது."

"அதானே பாத்தேன்." கூடையை இறக்கினாள். "சங்கரா கீது, வேணுமா?"

வாங்கவில்லை.

மத்தியானம் ஜோவைத் தூங்க வைத்துவிட்டுத் தொட்டில் பக்கத்திலேயே முழங்காலில் இருந்து ஜெபித்தேன். வாய்விட்டு ஜெபித்தால்தான் எனக்கு மனசு நிற்கும். ஹாலில் யாரும் இல்லை, எல்லோரும் பேங்க் வேலையாகப் போயிருந்தார்கள்.


ஜனவரி 9, வெள்ளி

ஷெரின் வந்தாள். தனியாக, காரில். மேடவாக்கம் அப்பார்ட்மெண்டில் நாலாவது மாடி, லிஃப்ட், வீட்டோடு வேலைக்காரப் பெண். இரண்டு ஆண் பிள்ளைகள். ஐ.டி. வேலை. வந்தவுடனே ஜோவைத் தூக்கிக்கொண்டு செல்ஃபி.

வறுத்த கறி, ரசம், முட்டைகோஸ் பொரியல். சாப்பிடும்போதே ஆரம்பித்தாள்.

"பெத்து வளத்தவங்களுக்கே அஞ்சு மாசக் கொழந்தைன்னா திண்டாட்டம். பாவம், ஜாய்ஸ் அக்காவுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

பெனி பேசாமல் இருக்க முடியாமல் என் நோட்டை எடுத்து நீட்டினாள். "அக்கா எல்லாம் பக்காவா எழுதி வெச்சிருக்கா, பாருங்க அண்ணி."

ஷெரின் பக்கத்தைப் புரட்டினாள். "ஐயையோ! மலம் ரெண்டு, மஞ்சள், நல்லது! மார்க் எவ்ளோக்கா போடுவீங்க?"

சிரிப்பு. மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. பெனியும் சிரித்தாள். இவர் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன்.

ஜோ சிணுங்கினாள். தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். முழங்காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஷெரின் சிரித்ததை நீர் பார்த்தீர் ஆண்டவரே என்றேன். தன் இரண்டு பிள்ளைகளையும் வேலைக்காரி இடுப்பில் ஏற்றிவிட்டு ஆபீஸ் போனவள் எனக்கு அனுபவம் இல்லை என்கிறாள் என்றேன். அவள் சின்ன மகன் நாலு வயது வரைக்கும் அந்தப் பெண்ணைத்தான் அம்மா என்று கூப்பிட்டான், நீர் அறிவீர் என்றேன். இன்னும் சொன்னேன்.

வெளியே வந்தேன். ஷெரின் கை சோற்றில் அப்படியே. கண் நிறைந்திருந்தது. மேஜை மேல், ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், அந்தச் சின்ன டிவி. அதில் ஜோ தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் பக்கத்தில் நான் எழுந்து வந்த வெற்றிடம்.

பெனி என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "எல்லாம் கேட்டுச்சுக்கா."

"அழுதாத்தானே கேக்கும்னு சொன்ன?"

"எந்தச் சத்தம்னாலும் கேக்கும். ஸ்க்ரீன் தூங்கிட்டே இருக்கும், சத்தம் வந்தா முழிச்சுக்கும். உனக்கு எப்படிச் சொல்லாம போனேன்..."

பிற்பாடு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. நான் ஆறோடு நிறுத்தியிருந்தேன்.

பூமி பிளந்து விழுங்கக்கூடாதா என்று இருந்தது. ஆனால் போகும்போது ஷெரின் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "நான் அப்படி நெனச்சுச் சொல்லலக்கா. ஸாரி."

ஸாரி. எத்தனை வளைகாப்பில் என்னைப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். எத்தனை பேர் ஏதேதோ மருந்து சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பேர் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை.


ஜனவரி 11, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. ஆராதனை நீளம். 18ஆம் தேதி ஜோவுக்கு ஞானஸ்நானம், ஆயரிடம் பேசியாயிற்று. ஞானத்தாய் நான். பெனி கேட்டாள், நான் சரி என்றேன், அவ்வளவு சுருக்கமாக முடிந்தது. வீடு வரும் வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட வேண்டும். கேக்குக்குச் சொல்ல வேண்டும். கேஸ் பதிய வேண்டும்.

மத்தியானம் ஜோவைத் தூங்க வைத்தேன். மாப்பிள்ளை காலை நீட்டி சோபாவில். நேற்று முழுக்கவும் அப்படியே. பெனி குனிந்து குனிந்து துணி துவைக்கிறாள், இன்னும் இடுப்பு வலி போகவில்லை.

பீரோ மேலே கேமராவில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முழங்காலில் நின்றேன். இதை நான் மறைக்கவில்லை, இந்த நோட்டிலாவது.

"ஜெரால்டு தம்பிக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் ஆண்டவரே. சோபாவை விட்டு எழுந்திருக்கிற பெலனை அவருக்குத் தாரும். பால் பாட்டிலை யார் கழுவுகிறார்கள் என்று பார்க்கிற கண்ணைத் தாரும்."

வெளியே வந்தபோது ஸிங்க்கில் தண்ணீர்ச் சத்தம். மாப்பிள்ளை. ஐந்து பாட்டிலும் பளபள. என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஜோவின் துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

இவர் பால்கனிக்குக் கூப்பிட்டார். "யார்கிட்ட பேசுன ஜாய்ஸ்?"

"ஆண்டவர்கிட்ட."

"ஆண்டவருக்குக் காது என்ன ஹால்லயா இருக்கு?"

இவருக்குப் பேச்சு எப்போதாவதுதான் வரும், வந்தால் இப்படி.


ஜனவரி 13, செவ்வாய்

போகிக்கு முன்னாலேயே டயர் கொளுத்துகிறார்கள். புகை. ஜன்னல் எல்லாம் சாத்தினேன். ஜோவுக்கு மூக்கடைப்பு இல்லை, ஸ்தோத்திரம்.

நேர மாற்றம் முடிந்தது. இனி ஜோ தாம்பரத்துக் குழந்தை. காலை 6க்கு எழுகிறாள், மத்தியானம் 1.30க்குத் தூங்குகிறாள். இதைச் செய்தது நான்.

எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். பெனி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே திடீரென்று அழுதாள்.

மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதாம். செப்டம்பரிலேயே. ஆட்குறைப்பு. நாலு மாதமாக வீட்டில். இவள் விசாவில்தான் அங்கே இருக்கிறார். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வருகிறாராம், பக்கத்து ஃபிளாட்டில் நம் ஊர்க்காரர்கள் இருப்பதால்.

"அவங்க அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாதுங்கறார். சின்ன வயசுலேர்ந்து அவங்கதான் இவருக்கு ஹெட் மாஸ்டர். தெரிஞ்சா செத்துருவேன்னு சொல்றார்க்கா. நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் எதுக்குடி சொல்லப் போறேன்."

அவள் தலையையும் தடவிக் கொடுத்தேன், எண்ணெய்க் கையோடு. சின்னவளாக இருந்தபோது செய்கிற மாதிரி.

ஜோ எடை 6.8. தெருமுனைக் கடைத் தராசில் துணியோடு.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல் லீவு. கீழ் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. திராட்சை அதிகம்.

ஷெரின் வந்தாள். இந்தத் தடவை வீட்டுக்காரர், பிள்ளைகள் சகிதம். பிள்ளைகள் மாடிப்படியில் குதித்துக்கொண்டே இருந்தார்கள். சாப்பாடு முடிந்து கரும்பு கடிக்கும்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. யோசிச்சுப் பாத்தோம். பாப்பாவ மேடவாக்கத்துலயே விட்டுடலாம்னு..."

பெனியைப் பார்த்தேன். அவள் கரும்புச் சக்கையைப் பார்த்தாள். அப்படியென்றால் நேற்றே பேசி முடித்துவிட்டார்கள்.

"ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டேன்க்கா" என்றாள் ஷெரின். "ஏ.சி. மாட்டியாச்சு. ஞாயித்துக்கிழமைல நீங்க வந்து பாத்துட்டுப் போங்க. உங்க டைம் டேபிள மட்டும் குடுத்துருங்க, வேலைக்காரப் பொண்ணு பாக்கற மாதிரி கிச்சன்ல ஒட்டிக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மணி 1.20. ஜோவின் தூக்க நேரம். தூக்கிக்கொண்டு போனேன். போகும்போதே பார்த்தேன், அந்தச் சின்ன டிவி சோபாக் கையில் இருந்தது. ஷெரினின் முழங்கை பக்கத்தில்.

ஜோ 1.38க்குத் தூங்கினாள். நான் உடனே ஆரம்பிக்கவில்லை. 1.45 வரை யோசித்தேன். கோபத்தில் வாய் தவறினேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளக்கூடாது, அதற்காக எழுதுகிறேன். ஏழு நிமிஷம் இருந்தது.

"கிருபையுள்ள ஆண்டவரே, ஜெரால்டு தம்பிக்காக ஜெபிக்கிறேன். செப்டம்பர் மாதத்திலிருந்து வேலையில்லாமல் இருக்கிறாரே, மனமிரங்கும். கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்ல முடியாமல், தினமும் சட்டை போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போகிறவர் மாதிரி தெருவில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வெட்கத்தை எடுத்துப்போடும். பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறவர் தன் பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்கிறார், அவருக்கு நல்ல புத்தியைத் தாரும்."

என் குரல் ஹாலிலிருந்து அரை நொடி பிந்தித் திரும்பி வந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி ஜெபிப்பது போல. நிறுத்தவில்லை.

முதலில் ஷெரின் குரல். "என்னடா இது?"

மறுபடியும் அவள்தான்.

"ஜெரால்டு, உன்னத்தான் கேக்கறேன். செப்டம்பர்லேர்ந்தா? கிறிஸ்துமஸ் அன்னிக்கு டூட்டில இருக்கேன்னு போன வெச்சியேடா என்கிட்ட?"

ஜோ திடுக்கிட்டு எழுந்தாள். தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி. ஷெரினின் பிள்ளைகள் வாயில் கரும்போடு நின்றார்கள். அவள் வீட்டுக்காரர் அவர்களை இழுத்துக்கொண்டு கீழே போனார்.

எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஆம், சந்தோஷம்தான். இனி எந்த முகத்தோடு மேடவாக்கத்தில் பிள்ளையை விடுவார் என்று நினைத்தேன்.

ஷெரின் திட்டினாள். திட்டித் தீர்த்துவிட்டு அவரருகில் உட்கார்ந்தாள். அவர் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"லூசாடா நீ? நான் உன்ன அடிப்பேனா? சரி, வீட்லதான இருக்க. அப்புறம் எதுக்குடா பால் குடிக்கிற பிள்ளைய இங்க வுட்டுட்டுப் போறீங்க ரெண்டு பேரும்?"

அவர் ஏதோ முனகினார்.

"ஆளுங்க பாத்தா பாக்கட்டும். பெத்தவன் பிள்ளையப் பாத்துக்கறதுல என்னடா மானம் போவுது? எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல, இன்னும் யாருக்கு மறைக்கற? வேல கெடைக்கற வரைக்கும் நீயே வெச்சுக்கோ. கூடவே கூட்டிட்டுப் போங்க."

அவர் நிமிர்ந்தார். முகம் முழுக்க ஈரம். நாலு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டவர் மாதிரி இருந்தார். "போலாமா பெனி?" என்று கேட்டார். பெனி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் தோளில் ஜோ இருந்ததால்.

மாப்பிள்ளை வந்து கையை நீட்டினார். கொடுத்தேன்.


ஜனவரி 16, வெள்ளி

காற்று. துணி எல்லாம் கொடியிலிருந்து பறந்து கீழ் வீட்டுக்குப் போனது.

பெனி காலையில் ஒரே ஒரு தடவை பேசினாள். சமையலறை வாசலில் நின்று.

"எத்தன பேர்கிட்டக்கா சொன்னேன் நான்? உன் ஒருத்திகிட்ட."

"நான் ஜெபம்தான்டி பண்ணினேன்."

"தெரியும். உன் ஜெபம் எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு இல்லை. அந்தச் சின்ன டிவி இப்போது அவள் நைட்டிப் பையில். குழந்தையை மாப்பிள்ளை குளிப்பாட்டினார். கழுத்து மடிப்பில் சோப்பு போகவில்லை, சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

ஜெபத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

ஜோ: கா. 7.30 – அளவு தெரியாது. அதற்கப்புறம் தெரியாது.


ஜனவரி 18, ஞாயிறு

ஞானஸ்நானம். மேகமூட்டம், மழை இல்லை.

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் பேசினபடிதான் என்று நினைத்தேன். அதுவும் சரிதானே, பிள்ளையைக் கூட்டிப் போனாலும் ஞானத்தாய் ஞானத்தாய்தானே.

ஆயர் பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் முன்னால் அழைத்தார். எழுந்து போனேன். மூன்றாவது வரிசையிலிருந்து முன்னால் வரை பதினாறு அடி இருக்கும். போய் நின்றால், ஷெரின் ஏற்கெனவே நிற்கிறாள். நீலப் பட்டு. அவள் என்னைப் பார்த்து ஒதுங்கக்கூடப் பார்த்தாள், அவளுக்கே தெரியாது போல, ஞானத்தாயை மாற்றியதை என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று.

பெனி திரும்பவில்லை. ஜோவின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே மெதுவாக, "அக்கா, நீ போய் உக்காரு" என்றாள்.

மைக் பக்கத்தில் இருந்தது. சபை முழுக்கக் கேட்டது. மாதர் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும்.

பதினாறு அடி திரும்பி வந்தேன். இவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

தண்ணீர் பட்டபோது ஜோ அழவில்லையாம். நான் பார்க்கவில்லை, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

கேக் 2 கிலோ. கால் பங்கு மீதி. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன்.


ஜனவரி 21, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. குடத்தில் பிடித்து வைத்தேன்.

இன்று ஜோ என் கையில்: இரண்டு தடவை. பெனி தலை வாரும்போது 4 நிமிஷம். மாப்பிள்ளை ஏ.டி.எம். போனபோது 9.

இவர் சொன்னார், "போய் மன்னிப்புக் கேளேன். உன் தங்கச்சிதானே."

"ஜெபம் பண்ணினதுக்கா?"

"ஜாய்ஸ், எனக்கு ஜெபத்தப் பத்தி அவ்வளவா தெரியாது." வண்டிச் சாவியை எடுத்தார். "ஆனா நீ அன்னிக்கு உள்ள போறதுக்கு முன்னாடி அந்த மெஷின் எங்க இருக்குன்னு பாத்துட்டுப் போனத நான் பாத்தேன்."

டூட்டிக்குப் போய்விட்டார். நல்ல மனிதர். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

கேட்கலாம். நாளைக்கு.


ஜனவரி 22, வியாழன்

கேட்கவில்லை. அவள் நாள் முழுக்கப் பெட்டி அடுக்கினாள். ஊறுகாய் 3 பாட்டில் கட்டிக் கொடுத்தேன். இரண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். எடை அதிகமாம்.


ஜனவரி 24, சனி

வெயில். காலையில் இட்லி, சாம்பார். விமானம் மாலை, கார் மூன்று மணிக்குச் சொல்லியிருக்கிறது.

1.30. ஜோ தூங்கும் நேரம், கடைசி. நான் சமையலறையில் பயணத்துக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தேன். பெனி வந்தாள். நைட்டிப் பையிலிருந்து அந்தச் சின்ன டிவியை எடுத்து, அடுப்பு மேடையில், எனக்கு நேராக நிறுத்தி வைத்தாள்.

"இதப் பாத்துக்கோக்கா."

எட்டு நாளில் இவ்வளவு அன்பாகப் பேசவில்லை. மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். நானும் சொல்லிவிடலாம், கார் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று அடுப்பைச் சிறியதாக்கினேன்.

ஸ்க்ரீன் கறுப்பாக இருந்தது. பிறகு முழித்துக்கொண்டது.

ஜோ தொட்டிலில் தூங்குகிறாள். பெனி பக்கத்தில் முழங்காலில். கேமராவை நிமிர்ந்து பார்த்தாள், என்னைப் பார்க்கிற மாதிரி. கண்ணை மூடினாள்.

சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஆண்டவரே, என் அக்காவுக்காக ஸ்தோத்திரம். அம்மா இல்லாத என்னை வளத்தா. சோறு போட்டா, தல பின்னினா, படிக்க வெச்சா. நான் மறக்கல. ஆனா தினம் சாயங்காலம் குடும்ப ஜெபத்துல, அப்பா பக்கத்துல உக்காந்திருக்கும்போது, என் தப்பையெல்லாம் உம்மகிட்ட சத்தமா சொன்னாளே, அதையும் நான் மறக்கல. பெனிட்டா டியூஷனுக்குப் போகாம ஐஸ்கிரீம் சாப்பிட்டா, மன்னியும். பெனிட்டா ஒரு பையன்கிட்ட பேசினா, மன்னியும். நான் கண்ணை மூடிகிட்டு இருப்பேன், அப்பா பெல்ட் கழட்டற சத்தம் கேக்கும். ஜெபம் முடியட்டும்னு காத்துகிட்டு இருப்பார்.

"மாறியிருப்பான்னு நெனச்சுதான் ஆண்டவரே என் பிள்ளைய அவகிட்ட விட நெனச்சேன். மேடவாக்கம்னு அவர் சொன்னப்பக்கூட கடைசி வரைக்கும் அவரோட சண்ட போட்டேன். அன்னிக்கு அண்ணி கிளம்பினதும் மறுபடியும் பேசிப் பாக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவ ஜெபம் பண்ணிட்டா. என் பிள்ளைய நீரே தப்புவிச்சீர்.

"பதினோரு வருஷமா அவ கேட்டுகிட்டே இருக்கா, நீர் ஏன் குடுக்கலன்னு நானும் உம்மகிட்ட அழுதிருக்கேன். ஏன்னு இப்பப் புரிஞ்சுது. நீர் செஞ்சதுதான் சரி. அவளுக்குக் குடுக்காததுக்காக ஸ்தோத்திரம். இனியும் குடுக்காதேயும். இயேசுவின் நாமத்தில் கேக்கறேன், ஆமென்."

ஜெபம் முடியும்போது வாய் தானாகச் சொல்லும். யார் ஜெபித்தாலும், சபையிலோ ஆஸ்பத்திரியிலோ சாவு வீட்டிலோ, பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, நானும் ஆமென் என்றேன். சத்தமாக.